கறுப்பு நூல் வரிசைகள்

பெனே பிராக்
இயார் 26, திங்கள் இரவு

அன்புள்ள பிரைண்டல் சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம். உங்கள் மாமியார் கண்ணில் பட்டால், பள்ளிக்கூடக் கட்டுரை என்று சொல்லிவிடுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். ஒரு பொய்யால்தான் நான் இந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், இன்னொன்று வேண்டாம். காட்டாமல் இருந்தால் போதும்.

மேல்வீட்டு ரோத் அம்மாவின் கணவர் நாளைக்கு வைரப் பொட்டலத்தோடு உங்கள் ஊருக்குப் பறக்கிறார். அவர் கோட்டுப் பையில் இது வரும். எங்கள் தொலைபேசி கூடத்தின் நடுவில் இருக்கிறது. அதில் எதுவும் பேச முடியாது. துணி துவைக்கும் பால்கனியில் மெஷினை ஓடவிட்டு, அதன் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். அம்மா போன பிறகு துணி என் வேலை, அதனால் இரவில் இங்கே விளக்கு எரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எழுத்து ஆடினால் மெஷின்தான் காரணம். பயமும் கொஞ்சம் உண்டு.

விக் சமாச்சாரம் அங்கேயும் வந்திருக்கும். போன வாரம் இங்கே சுவரெல்லாம் நோட்டீஸ். விக்குக்கு வரும் முடியில் பெரும்பகுதி இந்தியாவில் ஒரு மலைக்கோயிலிலிருந்து வருகிறதாம். அங்கே பெண்கள் தலையை மழித்து முடியைத் தங்கள் தெய்வத்துக்குக் கொடுக்கிறார்களாம். வேறு தெய்வத்துக்குப் போன காணிக்கையை நாம் வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது, எந்தப் பயனும் அடையக் கூடாது, எரிக்க வேண்டும் என்று பெரிய ரபிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒரே நாளில் தெரு மாறிப்போனது. எங்கள் கணக்கு டீச்சர் குளியல் துண்டு போல ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கல்யாணமான யூதப் பெண் தன் முடியை மறைக்க வேண்டும், மறைப்பதற்கு இன்னொருத்தியின் முடி. இது எனக்கு இத்தனை நாள் விசித்திரமாகப் பட்டதே இல்லை. அந்த இன்னொருத்தி எங்கேயோ இருக்கிறாள் என்பதே இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது.

நேற்று மாலை எங்கள் தெருமுனையில் எரித்தார்கள். போன வாரம் பண்டிகைத் தீக்கு இழுத்து வந்த கட்டையில் மிச்சம் கிடந்தது, பையன்களுக்கு வசதியாகப் போயிற்று. பெண்கள் பிளாஸ்டிக் பைகளில் கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரு அம்மா பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் வாங்கி, உள்ளேயிருந்த ஹேர்பின்னை மட்டும் எடுத்துக்கொண்டு கொடுத்தார். தம்பி யோசல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கோழி பொசுக்குற மாதிரியே நாறுதுக்கா, எந்த டோப்பா இது, சூப்பு டோப்பாவா?" என்றான். அப்பா அவன் காதைத் திருகினார்.

அம்மாவின் பழைய விக்கை அப்பாவே எடுத்துப் போனார். பிறகு திரும்பி வந்து என் அறைக் கதவைத் தட்டினார். அப்பாவைத் தெரியுமே, சொந்த வீட்டிலும் மூன்று முறை தட்டாமல், பதில் வராமல் எந்தக் கதவையும் திறக்க மாட்டார். யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது, அதுவும் விதிதான்.

"ஹிண்டா, அம்மாவோட நல்ல விக் அலமாரியில இல்லயே. எங்கம்மா?"

"இரவல் அலமாரிக்குக் குடுத்துட்டேன்பா. அம்மாவோட வருஷம் முடிஞ்சப்பவே."

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"யாரையும் கேக்கலை."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "இல்லாதவங்களுக்குத்தான குடுத்திருக்கே. நல்லதும்மா" என்று சொல்லி ஒரு நொடி சந்தோஷமாக என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடிக்குப் பிறகு அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவே இல்லை.

சித்தி, அது பஸ்காப் பாத்திரப் பெட்டியில் இருக்கிறது. பரண்மேல், டேப் ஒட்டிய அட்டைப்பெட்டியில், பெரிய சூப்புப் பானைக்குள். அடுத்த பஸ்கா வரைக்கும் அந்தப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள். நினைத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் எடுக்கிற பானைக்குள், அந்நிய தெய்வத்தின் காணிக்கை.

அதைக் கொடுக்க முடியவில்லை. நெற்றிப் பக்கத்து உள்துணியில் அம்மாவின் வாசனை இன்னும் இருக்கிறது. கைக்கிரீமும் வெங்காயமும். மோந்து பார்ப்பதும் பயன் அடைவதுதானா? இதை யாரிடம் கேட்பது?

அம்மாவுக்கு மருந்தால் முடி கொட்டியபோது அந்த விக்கை நீங்கள்தான் அனுப்பினீர்கள். அது எந்த நாட்டு முடி? சீட்டு எதுவும் அதில் இல்லை. இந்தியா இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

ஹிண்டா


ஆன்ட்வெர்ப்
மே 20, 2004

ஹிண்டா கண்ணு,

ரோத் உன் கடிதத்தைக் கொடுத்தார். நான் அதை மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். என் மாமியார் மாவு டப்பா பக்கம் போய்ப் பத்து வருஷமாகிறது. பயப்படாதே.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. நன்றாக இருக்கிறார்கள். சின்னவனுக்குப் பல் முளைக்கிறது, என் தோள்பட்டையைக் கடிக்கிறான்.

இங்கேயும் ஒரே அமளி. ஆனால் நான் வாழ்க்கைப்பட்டு வந்த கூட்டத்தில் மனித முடி விக்கே கிடையாதே. தலைத்துணி, அதற்கு மேல் ஒரு தொப்பி, அவ்வளவுதான். என் மாமியாருக்கு ஒரு வாரமாகக் காலே தரையில் பாவவில்லை. தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "நாங்க அன்னிக்கே சொல்லலியா? பொம்பளைக்கு எதுக்குடி பட்டு மாதிரி முடின்னு சொல்லலியா?" என்கிறாள். ரபிகளே தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்பது அவள் நினைப்பு.

விக் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாய். அதை நான் யோசித்துச் சொல்ல வேண்டும். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். கேட்காதே. அதுவரைக்கும் டேப்பைப் பிரிக்காதே, மோந்தும் பார்க்காதே. அது தடை என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்லவில்லை. சந்தேகத்தில் இருக்கும்போது மோந்தால் உனக்கு வாசனை வராது, பயம்தான் வரும்.

ஒன்று செய்கிறேன். உன் சித்தப்பாவின் கணக்கு எழுத நான் வாரம் மூன்று நாள் அவர் ஆபீசுக்குப் போகிறேன் இல்லையா? அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு குஜராத்தி வைர வியாபாரி இருக்கிறார். அவர்கள் வெங்காயம் பூண்டு தொட மாட்டார்கள், இருட்டினால் சாப்பிட மாட்டார்கள். டிசம்பரில் இங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். முழு ஆபீசும் நாலு மணிக்கு அரக்கப் பரக்கச் சாப்பிடும், பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சமைக்கிற அம்மாவின் பெயர் அலமேலு. அந்த மலைக்கோயில் இருக்கிற பக்கத்துக்காரி. கோடையிலும் கம்பளித் தொப்பி போட்டிருக்கிறாள். லிஃப்டில் பார்ப்போம், சிரித்துக்கொள்வோம். அவளைக் கேட்கிறேன்.

பொய் சொன்னதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

உன் அப்பா என் பெயரை இன்னும் வாயால் சொல்வதில்லையா?

பிரைண்டல் சித்தி


பெனே பிராக்
சிவான் 3, ஞாயிறு இரவு

அன்புள்ள சித்திக்கு,

சொல்வதில்லை. "ஆன்ட்வெர்ப்" என்றுதான் சொல்கிறார். "ஆன்ட்வெர்ப்லேர்ந்து குழந்தைகளுக்கு சாக்லேட் வந்திருக்கு" என்கிற மாதிரி. அம்மாவுக்காகத் துக்கம் இருந்த ஏழாம் நாள் நீங்களும் அவரும் சமையலறையில் மெதுவான குரலில் சண்டை போட்டீர்கள். நீங்கள் எதையோ கேட்டீர்கள், அவர் "பொருள் பொறுக்கவா வந்தே?" என்றார். எனக்கு அவ்வளவுதான் கேட்டது.

சித்தி, என் பொய்க்குக் கால் முளைத்துவிட்டது.

இரவல் அலமாரியிலிருந்து அந்த விக்கை யாரோ ஒரு பெண் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள், பாவம், தெரியாமல் தடையை மீறிக்கொண்டிருப்பாள், அவளுக்குச் சொல்வது நம் கடமை என்று அப்பா கிளம்பிவிட்டார். நான் இதை யோசிக்கவே இல்லை. அப்பாவைப் பதினாலு வருஷமாகத் தெரியும், ஆனாலும் யோசிக்கவில்லை. மிண்டல் அக்காவையும் கூட்டிக்கொண்டு இரவல் அலமாரி நடத்துகிற தெவோரா அம்மாவின் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, "பழுப்பு, நீளம், நல்ல தரம். ஆமா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மாசமே ஒண்ணு போயிருக்கு" என்றாராம். வேறு யாரோ கொடுத்த வேறு ஏதோ பழுப்பு விக். எடுத்தவர் ஷிஃப்ரா கெல்மன்.

ஷிஃப்ராவை உங்களுக்குத் தெரியாது. எங்கள் தெரு மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்து விடுகிறவர். கணவர் இல்லை. அடுத்த வாரம், சிவான் 14, அவர் மகளுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளத்தான் அந்த விக்கைப் பெட்டியிலேயே வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார். முந்தாநாள் அப்பா போய்ச் சொன்னார். மிண்டல் அக்கா இரவில் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"தடைன்னா தடைதான் ரபி. நீங்க சொன்னா நான் எதுக்குக் கேள்வி கேக்கப் போறேன்? ஒரே ஒரு உதவி. என் கையால என்னால எரிக்க முடியாது. புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு உங்க வீட்டுக்குக் கொண்டாறேன், நீங்களே எரிச்சிடுங்க."

"கல்யாணத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? பிளாஸ்டிக் விக் எல்லாக் கடையிலயும் தீந்துபோச்சாம். துணியைக் கட்டிக்கிறேன். பொண்ணைத்தான பாக்க வர்றாங்க, என்னையா?"

அக்கா சொல்லி முடித்துவிட்டு, "எப்பேர்ப்பட்ட பொம்பளை பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

ஷிஃப்ரா குறித்திருப்பது இந்த வாரப் பண்டிகைக்கு அடுத்து வருகிற புதன், சிவான் 13. நான் உண்மையைச் சொல்லாவிட்டால் அவர் தன் விக் அம்மாவுடையது இல்லை என்று தெரியாமலே எரிக்கக் கொடுத்துவிடுவார். சொன்னால் அம்மாவுடையது எரியும். இரண்டில் ஒன்றுதான், வேறு வழியே தெரியவில்லை. அக்காவுக்கு இப்போதுதான் ஒரு நல்ல வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தங்கை தடை செய்த பொருளைப் பஸ்காப் பானையில் ஒளித்துவைத்தாள் என்று வெளியே தெரிந்தால் அந்த வரனும் போய்விடும்.

அலமேலுவைக் கேட்டீர்களா? எனக்கு வேறு கேள்விகளும் வந்துவிட்டன. மழிக்கும்போது வலிக்குமா? அவர்கள் எதை வேண்டிக்கொண்டு கொடுக்கிறார்கள்? வேண்டியது கிடைத்ததா? அம்மா தலையில் இருந்த முடியின் சொந்தக்காரி எதை வேண்டியிருப்பாள்? இதையெல்லாம் கேட்பதே தப்போ என்னவோ. பண்டிகையன்று எழுதக் கூடாது, அதனால் இன்றே எழுதிவிட்டேன்.

ஹிண்டா


ஆன்ட்வெர்ப்
மே 28, 2004, வெள்ளி காலை

ஹிண்டா கண்ணு,

எங்களுக்குப் பண்டிகை இரண்டு நாள், நேற்று இரவுதான் முடிந்தது. சபாத் ஓய்வுநாள் தொடங்க இன்னும் சில மணி நேரம்தான், அடுப்பில் மீன் இருக்கிறது, ரோத் இரண்டு மணிக்கு வருவார். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். எனக்கு அது வராது.

முதலில் அலமேலு. செவ்வாய்க்கிழமை அவள் சமையலறைக்கே போனேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் உட்காரச் சொல்லிவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் கொடுத்தாள். தோலோடு இருந்தால் நம் விதிக்கு ஒத்துவரும் என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை டச்சு. அதில்தான் எல்லாம் பேசினோம். முடி சாமிக்கே காணிக்கையாகப் போகிறதா என்பதில்தான் நம் தீர்ப்பு நிற்கிறது, அதனால் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டேன்.

"நீங்க முடிய சாமிக்குக் குடுக்கறீங்களா?"

"ஆமா. பின்ன யாருக்கு?"

"சாமி முன்னாடி வெச்சு மழிப்பாங்களா?"

"அதெப்படி? அது தனிக் கட்டடம். டோக்கன் வாங்கி, வரிசையில உக்காந்து, வழிச்சுக்கிட்டு, குளிச்சுட்டு அப்புறந்தான் சாமிகிட்டப் போவோம்."

"முடிய சாமிகிட்டக் கொண்டு போவீங்களா?"

"சீச்சீ. வழிச்ச முடிய எவனாவது கோயிலுக்குள்ள கொண்டு போவானா? அங்கயே உண்டியல்ல போட்டுடுவாங்க."

"அப்ப சாமி அதைப் பாக்கறதே இல்லை."

"சாமி பாக்காம எதும்மா இருக்கு?"

"இல்ல, நான் கேக்கறது, முடியத்தான் குடுக்கறீங்களா, இல்ல அழகு வேணாம்னு விடறீங்களா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, எம் பேத்தி ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க, உள்ளங்கை அளவு. அப்ப, எம் முடிய எடுத்துக்கோ, இவள விட்டுடுன்னு சொன்னேன். அன்னிக்கு இந்த மாதிரி பிரிச்சுப் பாத்தா சொன்னேன்?"

குழந்தை பிழைத்ததா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். நாலு வயசாம். ஒரு இடத்தில் நிற்க மாட்டாளாம். போன மாதம் ஊருக்குப் போய் வேண்டுதலைத் தீர்த்துவிட்டு வந்திருக்கிறாள். தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். ஒரு விரல்கடை முளைத்திருந்தது.

சமையலறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, எழுந்து கதவைச் சாத்திவிட்டு என் தலைத்துணியை அவிழ்த்தேன். எங்கள் கூட்டத்து வழக்கம் உனக்குக் கேள்விப்பட்டாவது இருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் காலை மழித்துவிடுவார்கள், பிறகு மாதா மாதம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க சாமிக்கும் முடிமேல ஆசையா?"

"சாமிக்கு இல்ல. மாமியாருக்கு."

இரண்டு பேரும் அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிற வரைக்கும் சிரித்தோம்.

அப்புறம் அவள், முடி எங்கே போகிறது என்று தனக்குத் தெரியாது, கொடுத்த பிறகு எங்கே போயிற்று என்று கேட்பார்களா என்றாள். நான் சொன்னேன். ஏலம் போகிறது, விக் ஆகிறது, எங்கள் பெண்கள் தலையில் ஏறுகிறது, இப்போது எரித்தார்கள். "எரிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு, "ஏன்மா, அழுக்கா இருந்துச்சா?" என்றாள்.

இதற்குப் பதிலை நீயாவது நன்றாகப் படித்து யோசித்துச் சொல்.

இனி உன் கேள்வி. மீன் கருகினாலும் பரவாயில்லை.

உன் அம்மாவின் விக்கில் இருப்பது என் முடி. கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் என் பின்னலை அறுத்துக் குப்பைக்காரியிடம் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை, தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். ஏன் என்று தெரியாது. இரண்டு வருஷம் அதன்மேல்தான் படுத்தேன். உன் அம்மாவுக்கு முடி கொட்டியபோது அதை எடுத்துக்கொண்டு இங்கே ஒரு விக் செய்கிற அம்மாவிடம் போனேன். உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். மழித்துப் போட வேண்டிய என் முடி பெனே பிராக் தெருவில் ஆண்கள் கண்முன் நடமாடியது என்று என் மாமியாருக்குத் தெரிந்தால் என்னை அடக்கம் கெட்டவள் என்பாள். என் பெண்களுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. அதனால்தான் ஏழாம் நாள் உன் அப்பாவிடம் அந்த விக்கைக் கேட்டேன். காரணம் சொல்ல முடியவில்லை. நகைக்கு வந்து நிற்கிறாள் என்று அவர் நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்?

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. என் பின்னல் ஒரு முழு விக்குக்குப் போதவில்லை. பின்பக்கம் உள் அடுக்குக்குத் தன்னிடம் இருந்த வேறு முடியைச் சேர்த்ததாக அந்த அம்மா சொன்னாள். எந்த நாடு என்று அன்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது கேட்க முடியாது, கடையை விட்டுவிட்டு மகனோடு கனடா போய்விட்டாள். ஆனால் ஒன்று சொன்னாள், அது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு முடியும் சாயத்தை ஒரே மாதிரி பிடிக்காது, பின்னால் அடையாளம் தெரிய வேண்டும், அதனால் உன் முடியைப் பழுப்பு நூலால் தைத்திருக்கிறேன், மற்றதைக் கறுப்பு நூலால் தைத்திருக்கிறேன் என்றாள். வரிசை வரிசையாகத்தான் தைப்பார்கள். பிரித்தால் வரிசையாகவே வரும்.

உன்னால் தையல் பிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பொருள் தடையா இல்லையா என்பதில் ஒரே ஒரு சாட்சி போதும், அது பெண்ணாக இருந்தாலும் போதும். உன் அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தக் கடிதம் என் சாட்சி. அவரிடம் காட்டு. அவரிடம் மட்டும்.

பிரைண்டல்


பெனே பிராக்
சிவான் 12, செவ்வாய் இரவு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. ரோத் அம்மாவின் கணவர் அதைக் கோட்டிலேயே விட்டுவிட்டார், கோட்டு சலவைக்குப் போக இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை நான் நம்பவில்லை. நான் அப்பாவிடம் பொய் சொன்ன மாதிரி நீங்கள் எனக்காக ஒன்று சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என் சித்தி தலையணைக்குள் பின்னலைத் தைத்து வைத்திருந்தாள் என்பதை எப்படி நம்புவது? நேற்று இரவு முழுக்க யோசித்தேன். இன்று எல்லோரும் தூங்கிய பிறகு பரணில் ஏறி டேப்பைப் பிரித்தேன். மூடியைத் திறந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன், மோந்துவிடக் கூடாது என்று.

பால்கனிக்குக் கொண்டுவந்து, மெஷினை ஓடவிட்டு, விக்கை உட்புறம் திருப்பினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லா நூலும் ஒரே மாதிரி இருந்தது. பிறகு சட்டைக் காலர் கறை பார்க்க வைத்திருக்கும் கைவிளக்கை எடுத்துக் காட்டினேன். நெற்றியிலும் இரண்டு காதுப் பக்கமும் பழுப்பு. பின்கழுத்துக்கு மேலே கறுப்பு. சித்தி, நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. உங்களை நம்பாததற்கு மன்னித்துவிடுங்கள்.

கறுப்பு நூல் பதினோரு வரிசை. பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்துப் பிரித்தேன். விரலில் உருட்டினாலே வித்தியாசம் தெரிகிறது. உங்களுடையது மெலிசு, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மற்றது தடிமன், நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது. அது இந்தியாவோ, வேறு எங்கேயோ, எனக்குத் தெரியாது. சந்தேகம் இருக்கிறது, அதனால் எரிக்கத்தான் வேண்டும், நானே அப்பாவிடம் கொடுத்து எரிக்கச் சொல்லப் போகிறேன். ஆனால் பிளாஸ்டிக் பையில் போடவில்லை. துவைத்துத் தேய்த்த வெள்ளைக் கைத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அலமேலுவிடம், அழுக்காக இருக்கவில்லை என்று சொல்லுங்கள். மிகவும் சுத்தமாக இருந்தது. அதை எரிக்கும்போது, கொடுத்தவளின் குழந்தை யாராக இருந்தாலும் அதுவும் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பதற்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கப் போவதில்லை.

நாளை எட்டு மணிக்கு ஷிஃப்ரா வருகிறார். அப்பா ஆறரைக்கு ஜெபத்துக்குப் போய்விட்டு ஏழே காலுக்கு வருவார். ஷிஃப்ரா வருவதற்கு முன்னால் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று இருபது முறை ஒத்திகை பார்த்துவிட்டேன். "அப்பா, அந்த விக் இரவல் அலமாரிக்குப் போகவே இல்லை." இதுதான் முதல் வரி. அதற்கு அப்புறம் அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரியாததால் இரண்டாவது வரி வரமாட்டேன் என்கிறது. ஷிஃப்ராவின் விக் எந்த நாடு என்று தெவோரா அம்மாவின் நோட்டில் ஒருவேளை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது எரிந்தாலும் அதன் காரணத்துக்காக எரியட்டும், என் பொய்க்காக எரிய வேண்டாம்.

அக்காவின் வரன் போய்விட்டால் அவள் என்னோடு பேச மாட்டாள். அதையும் யோசித்துவிட்டேன்.

மெஷின் நின்றுவிட்டது. திடீரென்று எவ்வளவு அமைதி.

சித்தி, ஒன்று செய்தேன். வரிசைகளைப் பிரித்த பிறகு அதில் மிச்சம் இருப்பது உங்கள் முடி மட்டும்தானே? உங்கள் முடியை மோந்து பார்க்க எந்தத் தடையும் இல்லையே? மோந்தேன். வெங்காயம் போய்விட்டது, கிரீம் மட்டும் இருக்கிறது. அப்புறம் அதைத் தலையில் வைத்துப் பார்த்தேன். இதுவரை வைத்ததே இல்லை. பின்னால் பொத்தலாக இருக்கிறது, கழுத்தில் காற்று படுகிறது. இங்கே கண்ணாடி கிடையாது, மெஷினின் வட்டக் கதவில் குனிந்து பார்த்தேன். ஈரத் துணிகளுக்கு முன்னால் அம்மா குனிந்து நிற்கிறாள். துணி முறுக்கிக்கொண்டதா என்று பார்ப்பாளே, அதே மாதிரி. நான் கொஞ்சம் அசைந்தேன், அம்மாவும்

தட்டுகிறார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று. இப்போது நின்றுவிட்டது. இந்த வீட்டில் தட்டிவிட்டுப் பதிலுக்காக நிற்பவர் ஒருவர்தான். "ஹிண்டா, இன்னும் தூங்கலையாம்மா?" என்கிறார். எட்டு மணி இல்லை, ஏழே காலும் இல்லை, நான் முதல் வரியை மறந்துவிட்டேன். உங்கள் கடிதம் சோப்பு டப்பா மேல் இருக்கிறது. பதினோரு வரிசையும் மடியில் இருக்கிறது. தலையிலிருந்து இதைக் கழற்ற நேரம் இருக்கிறது, ஆனால் கழற்றினால் மறுபடியும் எங்காவது ஒளிக்க வேண்டும். வேண்டாம். "உள்ள வாங்கப்பா" என்று சொல்லிவிட்டேன், சித்தி, கைப்பிடி திரும்ப